வளையலுக்கு வந்த பாலுண்ணி

போகி அன்று காலை. கிழிந்த பாயையும் இரண்டு பழைய துடைப்பத்தையும் வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்து மீன்தொட்டி விளக்கைப் போட்டேன். வளையலின் இடது பக்கத் துடுப்பின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி. உப்புக்கல் ஒட்டினாற்போல. மணல் ஒட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். மத்தியானம் பார்த்தேன், அங்கேயே இருந்தது. ராத்திரி விளக்கை அணைக்கும் முன்னால் பார்த்தேன், அப்போதும் அங்கேயே.

உப்புநீர் மீன் வளர்ப்பவர்களுக்கு வெள்ளைப் புள்ளி என்றாலே வயிற்றில் புளி கரைக்கும். எனக்கும் கரைத்தது.

வளையல் என்பது என் ஏஞ்சல் மீன். கடைகளில் ப்ளூ ரிங் ஏஞ்சல் என்பார்கள், கொஞ்சம் விவரமானவர்கள் அன்யுலாரிஸ் என்பார்கள். வளர்ந்தபின் செவுளுக்குச் சற்று மேலே, நமக்குத் தோள்பட்டை இருக்கும் இடத்தில், நீல நிறத்தில் ஒரு வட்டம் வரும். என் மகன் வாங்கிய அன்றே வளையல் என்று பேர் வைத்துவிட்டான். அன்றைக்கு அதன் மேல் வட்டமும் இல்லை, ஒன்றும் இல்லை. குட்டியாக இருக்கும்போது இந்த மீன் வேறு ஜாதி மாதிரி இருக்கும். கருநீல உடம்பில் மேலிருந்து கீழாக வெள்ளையும் நீலமுமாகக் கோடுகள். நம் கடலிலேயே கிடைக்கிற மீன்தான், ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊர்ப் பக்கம் பிடித்தது என்று கொளத்தூர் கடைக்காரர் சொன்னார். முழுதாக வளர்ந்தால் ஒன்றரை அடி வரும். என் தொட்டியோ நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். இந்தத் தொட்டிக்கு அந்த மீனை வாங்கியது தப்பு, தெரிந்தே செய்த தப்பு. திட்ட நினைப்பவர்கள் வரிசையில் வரலாம். முதல் ஆளாக என் வீட்டுக்காரர் ஏற்கெனவே நிற்கிறார்.

நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் ரத்தத்தையும் சளியையும் ஸ்லைடில் தேய்த்துப் பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. வில்லிவாக்கத்தில் எங்கள் தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், ரிப்போர்ட் வராமல் ஆன்டிபயாடிக் போடாதீங்க என்று பாடம் எடுப்பவள். அப்படிப்பட்டவள் அன்றைக்கு என்ன செய்தேன் தெரியுமா? கடைக்காரருக்கு ஃபோன் போட்டேன். படம்கூட அனுப்பவில்லை. "வெள்ளையா ஒரு புள்ளிண்ணா" என்றேன்.

"அக்கா, அது இக்குதான். காப்பர் போடுங்க. பத்து நாள்ல கிளியர் ஆயிடும்."

இக்கு என்றால் மீனுக்கு வரும் வெள்ளைப் புள்ளி நோய். ஓடிப்போய் காப்பர், அதாவது செம்பு கலந்த மருந்து, ஒரு பாட்டில் வாங்கி வந்துவிட்டேன்.

அதைத் தொட்டியில் ஊற்றாமல் என்னை நிறுத்தியது அறிவு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் நிறுத்தியது இரண்டு இறால். மீன்களின் மேல் ஏறி அழுக்கைக் கொத்தித் தின்னும் சிவப்புக் கோடு போட்ட கிளீனர் இறால் ஜோடி ஒன்று என்னிடம் இருக்கிறது. மீனுக்கு மருந்தாகும் அளவு செம்பு, இறாலுக்கும் நண்டுக்கும் நத்தைக்கும் விஷம். அதோடு தொட்டியில் இருக்கும் பாறைகள் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக விடும். ஒரு தடவை ஊற்றிவிட்டால் அந்தப் பாறையை நம்பி மறுபடி இறால் விட முடியாது. ஆக, வைத்தியம் பார்ப்பதென்றால் மீனைப் பிடித்துத் தனித் தொட்டியில் விட வேண்டும். தனித் தொட்டி என்னிடம் கிடையாது. போர்வை வைத்திருந்த பெரிய பிளாஸ்டிக் பெட்டியைக் காலி செய்து, கழுவி, அதற்கு ஃபில்டர் தேடி, ஆர்.ஓ. தண்ணீர் பிடித்து, உப்பு கலந்து, ஒரு நாள் சுற்றவிட்டு... இதெல்லாம் பொங்கல் லீவில். ஒரு பக்கம் பால் பொங்குகிறது, இன்னொரு பக்கம் நான் உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு 1.025 வந்துவிட்டதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"கடல் பக்கத்துலயே இருக்கு. இவ நாலாயிரத்துச் சொச்சம் குடுத்து டப்பால உப்பு வாங்குறா. பையனுக்கு மார்ச்சுல பத்தாவது பரீட்சை" என்று அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னாள்.

பெட்டி தயாராக நாலு நாள் ஆகிவிட்டது. அந்த நாலு நாளும் அந்தப் புள்ளி இடம் மாறவில்லை.

இங்கேதான் எனக்கு லேசாக உறைத்தது. கடல் மீனுக்கு வரும் இக் என்பது கிரிப்டோகாரியான் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. அது மீனின் தோலுக்குள் மூன்றிலிருந்து ஏழு நாள் வரைதான் இருக்கும். தின்று கொழுத்ததும் மீனை விட்டுவிட்டு, பெரும்பாலும் இருட்டில், கீழே இறங்கிவிடும். மணலிலோ பாறையிலோ கூடு கட்டிக்கொண்டு உள்ளுக்குள்ளேயே நூற்றுக்கணக்கில் பிரியும். அப்புறம் அந்தக் குஞ்சுகள் கிளம்பி மறுபடி மீனைத் தேடி வரும். அதனால்தான் இக் வந்த மீனில் இன்றைக்குப் பார்த்த புள்ளி நாலு நாள் கழித்து அதே இடத்தில் இருக்காது. முதலில் மறையும், மீன் குணமாகிவிட்டது என்று நாம் சந்தோஷப்படுவோம், அப்புறம் ஒரு நாள் உடம்பெல்லாம் ரவை தூவினாற்போல வந்து நிற்கும். இக் வந்தால் மீன் சும்மாவும் இருக்காது. பாறையில் போய் உரசும், செவுள் படபடவென்று அடிக்கும், சாப்பாட்டை விட்டுவிடும். வளையலோ நான் போட்ட கடற்பாசித் தாளைக் கிளிப்பிலிருந்து பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. ஒரு நிமிஷத்தில் செவுள் எத்தனை தடவை மூடித் திறக்கிறது என்று கடிகாரம் வைத்து எண்ணினேன். பக்கத்தில் இருந்த கோமாளி மீன்களைவிட அதிகமாக இல்லை.

லேபில் வீணாகப் போன ரிப்போர்ட் தாள் ஒன்றின் பின்புறத்தில் மீனின் இடது பக்கத் துடுப்பை வரைந்தேன். துடுப்பில் விசிறிக் காம்பு மாதிரி முட்கள் ஓடும் அல்லவா? மேலிருந்து எண்ணினால் மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில் புள்ளி. தினம் காலை ஏழு மணிக்கு, தொட்டி விளக்கைப் போட்ட கையோடு, ஒரு படம் எடுத்து அந்தத் தாளில் குறித்துக்கொண்டேன். பத்தாவது நாள் புள்ளி இரண்டாகியிருந்தது, ஆனால் இரண்டும் ஒட்டிக்கொண்டு. ஜனவரி கடைசியில் மூன்று நான்கு சேர்ந்து சின்னதாக ஒரு காலிஃபிளவர் பூ மாதிரி ஆகிவிட்டது. நிறமும் சுத்த வெள்ளை இல்லை, லேசாகச் சாம்பல் கலந்த வெள்ளை. காப்பர் பாட்டிலை மூடி திறக்காமலேயே அலமாரியில் மேல் தட்டில் ஏற்றினேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

சரி, இக் இல்லை. அப்படியென்றால் என்ன?

பிப்ரவரி முதல் வாரத்தில் வாயோரத்தில் ஒன்று கிளம்பியது. துடுப்பில் இருந்தவரை எனக்கு ஆராய்ச்சி மாதிரி இருந்தது. வாயில் வந்ததும் தூக்கம் போய்விட்டது. மேலுதட்டின் வலது முனையில், கடுகு அளவுக்குத் தொடங்கி, ஒரே வாரத்தில் மிளகு அளவு. பார்ப்பதற்கு வெற்றிலைச் சீவலை ஒரு கன்னத்தில் ஒதுக்கினாற்போல இருந்தது. வாய் அடைத்துக்கொண்டால் பட்டினியில் செத்துவிடும். தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரையும் கேட்டேன். ஆளுக்கொரு வியாதி சொன்னார்கள். ஒருவர் கேன்சர் என்றார். ஒருவர் புழு என்றார். ஒருவர் கழலை என்றார். மூன்று பேரும் சம நிச்சயத்தோடு சொன்னார்கள்.

கழலையை நான் உடனே தள்ளிவிட்டேன். மீனுக்கும் தைராய்டு உண்டு, அயோடின் குறைந்தால் அதுவும் வீங்கும். ஆனால் அது வீங்கும் இடம் தொண்டை. இரண்டு செவுள்களும் கீழே வந்து சேரும் இடத்தில், உள்ளிருந்து சிவப்பாகப் பிதுங்கிக்கொண்டு வரும், செவுள் மூடி சரியாக மூடாது. உதட்டு முனையில் வராது. வீக்கம் எங்கே இருக்கிறது என்பதே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். முன்பு என்னிடம் இருந்த ஒரு டாம்சல் மீனுக்கு ஒரு கண் மட்டும் பிதுங்கிக்கொண்டு வந்தது. ஒரு கண் என்றால் எங்கேயோ மோதியிருக்கிறது, இரண்டு கண்ணும் என்றால் உள்ளே கோளாறு என்பது பொதுவாகப் பார்க்கிற கணக்கு. அதற்கு ஒரு கண்தான். தண்ணீரைச் சுத்தமாக வைத்துக்கொண்டு விட்டதில் மூன்று வாரத்தில் தானாக உள்ளே போனது.

நான் உண்மையிலேயே குழம்பியது காற்றுக் கொப்புளத்தில். பம்ப்புக் குழாயில் எங்காவது விரிசல் விழுந்து காற்றை இழுத்தால், அது அழுத்தத்தோடு தண்ணீரில் கரைந்துவிடும். சோடா பாட்டில் மாதிரிதான். அந்தத் தண்ணீரில் இருக்கும் மீனின் துடுப்பிலும் கண்ணிலும் காற்று குமிழாகப் பிரிந்து கொப்புளம் கொப்புளமாக நிற்கும். என் தொட்டியின் ரிட்டர்ன் குழாயில் அந்த மாசம் பொடிப்பொடியாகக் குமிழ் வந்துகொண்டிருந்தது நிஜம். மகனைக் கூப்பிட்டேன். வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, அவன் தொட்டிக்குப் பின்னால் செல்ஃபோன் டார்ச்சைப் பிடித்தான். நான் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். வளையல் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வரும்வரை காத்திருக்க வேண்டும். இருபது நிமிஷம். "ம்மா, ஃபிசிக்ஸ் ரிவிஷன் இருக்கு" என்றான் ஒளியியல் செய்முறை நடத்திக்கொண்டே. கடைசியில் ஒரு தடவை நேராக வந்து நின்றது. துடுப்பு முழுக்க வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி ஆனது, ஒவ்வொரு முள்ளும் தெரிந்தது. அந்தக் கட்டி மட்டும் கருப்பாக நின்றது. காற்றாக இருந்தால் ஒளி உள்ளே புகுந்து வந்திருக்கும். இது சதை.

இன்னொன்று மிச்சம் இருந்தது, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. காசநோய்க் கிருமிக்கு மீனில் ஒரு பங்காளி உண்டு, மைக்கோபாக்டீரியம் மரைனம். 1926-ல் ஃபிலடெல்ஃபியா மீன் காட்சியகத்தில் செத்த கடல் மீன்களிலிருந்து அரான்சன் என்பவர் அதைப் பிரித்தெடுத்தார். மீனின் உள்ளுறுப்புகளில் முடிச்சு முடிச்சாக வரும், சில சமயம் வெளியிலும் கட்டி, புண். கையில் வெட்டுக்காயத்தோடு தொட்டிக்குள் கைவிட்டால் மனிதருக்கும் ஒட்டும், மாசக்கணக்கில் ஆறாத முடிச்சாக விரலில் நிற்கும். காசநோய்க் கிருமி சாயம் போட்டால் சிவப்புக் குச்சியாகத் தெரியும், சளி ஸ்லைடில் அந்தக் குச்சிகளைத் தேடுவது என் தினசரி வேலை. அந்தச் சிவப்பு என் வீட்டு ஹாலில் இருக்கிறதோ என்ற நினைப்பே எனக்குச் சகிக்கவில்லை. அன்றிலிருந்து முழங்கைவரை வரும் கையுறை இல்லாமல் தொட்டியில் கைவைப்பதில்லை. அந்த வியாதி வந்த மீன் பொதுவாக மெலியும், முதுகு கத்தியாகும், வயிறு ஒட்டும். வளையல் மெலியவில்லை. ஆனாலும் பார்த்துவிடத்தான் வேண்டும்.

தோழியின் தம்பி மீன்வளம் படித்தவன், நாகப்பட்டினத்தில் இருக்கிறான். அவனுக்குப் படங்களை அனுப்பினேன், தேதி வாரியாக, முப்பது படத்துக்கு மேல். பார்த்துவிட்டு, "அக்கா, எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, ஆனா சொல்ல மாட்டேன். நீங்களே ஸ்லைடு போட்டுப் பாருங்க" என்றான். வாத்தியார் வேலைக்குப் போக வேண்டிய பையன். வாயில் இருப்பதைத் தொடாதே, துடுப்பில் ஓரமாக இருக்கும் கட்டியில் துளி போதும், அதிகம் நசுக்கினால் உள்ளே இருப்பது தண்ணீரில் பரவும் என்று எச்சரித்தான்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி. வாளியில் தொட்டித் தண்ணீர், அதில் ஏர் ஸ்டோன். வீட்டுக்காரர் ஈரமான மெல்லிய துண்டில் வளையலைத் தாங்கிப் பிடித்தார். திட்டும் வரிசையில் முதலில் நிற்பவர்தான், ஆனால் அன்றைக்குக் கை நடுங்கியது அவருக்குத்தான். ஏஞ்சல் மீன்களுக்குச் செவுள் மூடியின் கீழே பின்னோக்கி ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும். வலையில் பிடித்தால் அதில் மாட்டிக் கிழிந்துவிடும் என்பதால்தான் துண்டு. நான் சின்னக் கத்தரிக்கோலால் கட்டியின் விளிம்பில் அரிசி நொய்யில் பாதி அளவுக்கு நறுக்கினேன். மொத்தம் பதினைந்து விநாடி இருக்கும். தொட்டியில் விட்டதும் பாறைக்குப் பின்னால் போய், ஒரு மணி நேரம் எங்களைப் பார்க்கவே மாட்டேன் என்று நின்றுகொண்டது.

நறுக்கியதைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு குப்பியில் எடுத்துக்கொண்டு மறுநாள் லேபுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை அரை நாள்தான், கடைசி நோயாளி போனபின் மூலையில் இருக்கும் பழைய மைக்ராஸ்கோப்பை எடுத்தேன். ஸ்லைடில் துணுக்கை வைத்துவிட்டு, கைப்பழக்கத்தில் நார்மல் சலைன் பாட்டிலை எடுத்துவிட்டேன். சொட்டு விழும் முன் சுதாரித்தேன். நம் ரத்தத்துக்குப் பொருந்தும் சலைனில் உப்பு 0.9 சதவீதம். கடல்நீரில் 3.5. இந்தத் துணுக்கை எந்தத் தண்ணீரில் இருந்து எடுத்தேனோ அதே தண்ணீரில் பார்ப்பதுதான் முறை. குப்பியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து விட்டு, கவர் கிளாஸ் போட்டு, முதலில் நாலு எக்ஸ் லென்ஸில் பார்த்தேன்.

ஜவ்வரிசி.

பாயசத்தில் வெந்த ஜவ்வரிசி எப்படி இருக்கும்? உருண்டை, சுற்றிலும் கண்ணாடி மாதிரி தடித்த ஓடு, நடுவில் கொஞ்சம் வேகாத வெள்ளை. அச்சாக அதுதான். ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு ஏழெட்டு உருண்டைகள். இக்காக இருந்தால் உருண்டையைச் சுற்றி மயிரிழைகள் துடிக்கும், உருண்டை மெல்லச் சுழலும். இவை அசையவில்லை. பத்து நிமிஷம் பார்த்தேன், அசையவே இல்லை. ஓரத்தில் கொஞ்சம் ரத்தம் கசிந்திருந்தது. மீனின் சிவப்பணுவில் நடுவே உட்கரு இருக்கும் என்று என்றைக்கோ படித்தது. கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். இருபத்திரண்டு வருஷமாக உட்கரு இல்லாத வட்டங்களையே எண்ணிப் பழகிய கண்ணுக்கு, முட்டை வடிவத்தில் நடுவே பொட்டு வைத்தாற்போலச் சிவப்பணு. அதற்காகவே தனியாக ஐந்து நிமிஷம் செலவழித்தேன், இந்தக் கதைக்கு அது தேவையில்லை என்றாலும்.

பின்னால் டாக்டர் மேடம் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"யாரோட ஸ்லைடும்மா இது?"

"எங்க வீட்டு மீனோடது மேடம்."

திட்டுவார் என்று நினைத்தேன். என்னை நகரச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் திருகைத் திருகிக்கொண்டே இருந்தார். "இந்த உருண்டை ஒவ்வொண்ணும் ஒரே செல்லா?" என்றார். ஸ்கேல் வைத்துப் பார்த்தோம், பெரியது ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். நம் ரத்தச் சிவப்பணு ஐம்பதை வரிசையாக அடுக்கினாலும் அந்த ஒரு செல்லின் குறுக்களவு வராது. "வைரஸா இருக்கும். மொல்லஸ்கம் ஞாபகம் வருது எனக்கு" என்றார். மொல்லஸ்கம் என்பது குழந்தைகளுக்கு முகத்திலும் கழுத்திலும் முத்து முத்தாக வருவது. எங்கள் வீட்டில் பாலுண்ணி என்போம். அதுவும் வைரஸ்தான், செல்லுக்குள் புகுந்து அதை ஊத வைக்கும், மருந்தில்லாமல் நாளாவட்டத்தில் தானாகவே உதிரும். அப்புறம் என் திருப்திக்காக இன்னொரு துணுக்கைத் தேய்த்து, காசநோய்க்குப் போடும் சாயத்தைப் போட்டுப் பார்த்தேன். சிவப்புக் குச்சி ஒன்றும் இல்லை. ஒரு ஸ்லைடில் இல்லை என்பதால் அடியோடு இல்லை என்று ரிப்போர்ட் எழுத முடியாதுதான். ஆனால் அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

நாகப்பட்டினத்துக்கு ஸ்லைடு படத்தை அனுப்பினேன். "லிம்ஃபோசிஸ்டிஸ். நான் நெனச்சது அதான்" என்று பதில் வந்தது.

பெயரில் லிம்ஃப் இருந்தாலும் நிணநீருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இரிடோவைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரஸ், தோலுக்கு அடியில் இருக்கும் நார்த்திசுச் செல்லுக்குள் புகுந்து, அதைப் பிரியவிடாமல் ஊத மட்டும் வைக்கிறது. செல் ஊதி ஊதி வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு வந்துவிடும். நான் போகி அன்று பார்த்த உப்புக்கல் ஒரு செல்லாகவே இருந்திருக்கலாம், அதை இன்றைக்கும் நினைத்தால் கை சிலிர்க்கிறது. ஐரோப்பாவில் ஃப்ளவுண்டர் என்ற தட்டை மீனில் இந்தக் கட்டியை 1874-லேயே பார்த்து எழுதியிருக்கிறார்கள். அப்புறம் ரொம்ப காலம் அந்த உருண்டைகளை ஒட்டுண்ணி என்றே நினைத்திருந்தார்கள். 1914 வாக்கில்தான் வைசன்பெர்க் என்ற ஜெர்மானியர் இது மீனின் சொந்தச் செல், உள்ளே இருப்பது வைரஸாக இருக்க வேண்டும் என்றார். நாற்பது வருஷம் அவர்களும் கடைக்காரர் அண்ணனும் ஒரே கட்சி. அவர்மேல் எனக்கு இருந்த கோபம் இதைப் படித்ததும் போய்விட்டது.

மருந்து? கிடையாது. காப்பர் போட்டிருந்தால் வைரஸுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, வளையலுக்கு ஆகியிருக்கும். ஏஞ்சல், பட்டர்ஃபிளை, கோமாளி மீன்களில் இது அடிக்கடி வருவதுதான். மீன் நொந்துபோயிருக்கும் நேரம் பார்த்துத் தலைகாட்டும், தேறினால் உதிரும். எப்போது நொந்தது என்று யோசித்தேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், இரண்டு நாளுக்கு மேல் கரண்ட் இல்லை. இன்வர்ட்டர் முதல் ராத்திரியே கையை விரித்துவிட்டது. பேட்டரி ஏர் பம்ப் இரண்டு, அதுவும் பேட்டரி தீர்ந்ததும் நானும் மகனும் முறைவைத்து மக்கில் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம். ஒரு மீனும் சாகவில்லை என்று அப்போது பெருமையாக இருந்தது. அப்புறம் கரண்ட் வந்ததும் பயத்தில் ஒரே மூச்சில் பாதித் தண்ணீரை மாற்றினேன். வைரஸ் உள்ளே வேலை செய்து கட்டி கண்ணுக்குத் தெரியச் சில வாரம் பிடிக்கும். கணக்கு போகியில் வந்து நின்றது.

இரவுச் சாப்பாட்டின்போது இதையெல்லாம் சொன்னேன். அம்மா மற்றதையெல்லாம் விட்டுவிட்டுப் பாலுண்ணி என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள். "பாலுண்ணின்னு முன்னாடியே சொல்லக் கூடாதா? வைத்தீஸ்வரன் கோவிலுக்கு உப்பு மிளகு வேண்டிக்கிட்டா உதிர்ந்திடப்போவுது." அம்மாவுக்குச் சீர்காழிப் பக்கம். எனக்கு ஏழு வயதில் கழுத்தில் வந்ததுக்கும் அங்கேதான் போட்டாள், விழுந்ததும் நிஜம்.

"அம்மா, அது உப்புத் தண்ணியிலயேதான் கெடக்குது."

"உனக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு, ஒரு மஞ்சள் துணியில் ரூபாய் முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, காத்திருந்ததுதான். வளையலைத் துரத்திக்கொண்டிருந்த டாம்சலைப் பிடித்து கடைக்கே திருப்பிக் கொடுத்தேன். மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நைட்ரேட் 40-ஐத் தாண்டிக் கிடந்தது; தினம் பத்து லிட்டர், தினம் பத்து லிட்டர் என்று மாற்றி மெல்ல மெல்ல இறக்கினேன். பாக்கெட் தீனியைக் குறைத்து, மார்க்கெட்டில் வாங்கும் இறாலையும் கணவாயையும் பொடியாக நறுக்கிக் கடற்பாசியோடு கொடுத்தேன். அது சாப்பிடும்வரை நான் சமையலில் கணவாய் வாங்கியதே இல்லை, இப்போது மீனுக்குப் போக மிச்சத்தில் வறுவல். துடுப்புக் கட்டி மார்ச் நடுவில் ஒரு நாள் காலை இல்லை. நறுக்கிய இடம் உட்பட, துடுப்பில் சின்னதாக ஒரு பல் விழுந்தாற்போல இடைவெளி, அதுவும் பிறகு மூடிக்கொண்டது. வாயில் இருந்தது சுலபத்தில் போகவில்லை. நடுவில் ஒரு வாரம் அது இன்னும் பெரிதாகி, வளையல் ஒரு பக்கமாகவே கொறித்தது. நறுக்கிவிடலாமா என்று இரண்டு தடவை கத்தரிக்கோலை எடுத்துவிட்டு வைத்தேன். மகனின் கடைசிப் பரீட்சை முடிந்து நாலைந்து நாளில், தமிழ் வருஷப் பிறப்புக்கு முன்னால், மாங்காய்ப் பச்சடிக்கு வெல்லம் பொடித்துக்கொண்டிருந்தவளை மகன் கத்திக் கூப்பிட்டான். உதட்டில் வெளுத்த தழும்பு மட்டும் இருந்தது. வைரஸ் உடம்பைவிட்டுப் போய்விட்டது என்று அர்த்தமில்லை, இன்னொரு புயலுக்கு மறுபடி வரலாம். செவுளுக்கு மேலே நீலமாக ஒரு வில் மாதிரி கோடு, வட்டத்தின் கால்வாசி, அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

மே மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வைத்தீஸ்வரன் கோவிலுக்குப் போனேன். வெயில். வாசலில் உப்பு மிளகுப் பொட்டலம் விற்கும் பெண்மணியிடம் சில்லறை நீட்டப் போனேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டு, மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தால் மிளகு எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலிருந்து. உப்பு மாவு மாதிரி நைசாக, வெள்ளை வெளேரென்று இருந்தது. நாலாயிரத்துச் சொச்சம் டப்பா.

"அதோட உப்பைத்தானே போடணும்" என்றாள்.